சுண்ணாம்புக் காது

"மியூசியத்தையும் ஒரு எட்டு பாத்துட்டே போயிருவோம் மாப்பிள. இதுக்குன்னு இன்னொருக்கவா லாஞ்சு ஏறி வரப்போறோம்"னு மாமனாரு சொன்னப்ப, பரமகுரு கோட்டைச் சுவத்து மேல கைய வச்சுக்கிட்டு நின்னான். சுவரு சுட்டுச்சு, ஆனா கைய எடுக்கணும்னு தோணல. மாமனாரு வைரவநாதன் எதையும் பாதியில விடுற ஆளு இல்ல. மதுரையில மோட்டாரும் பைப்பும் விக்கிற கடைய அப்படித்தான் ஒரு முட்டுச்சந்துலருந்து மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்தாரு. ஒரு ஊருக்குப் போனா அங்க பாக்க வேண்டியது எல்லாத்தையும் பாத்துருவாரு, பாத்து முடிச்சிட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லுவாரு. கோட்டையச் சுத்திட்டு "ஒண்ணுமில்ல, வெறும் செவுரு"ன்னாரு. லைட் அவுச அண்ணாந்து பாத்துட்டு "ஒண்ணுமில்ல, கம்பம்"னாரு. மியூசியத்தப் பாத்துட்டும் அதே மாதிரி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருன்னா போதும், பரமகுரு இனி ஆயுசுக்கும் எந்தச் சாமிகிட்டயும் எதுவும் கேக்க மாட்டான். ஏன்னா அந்த மியூசியத்துல, கடைசி ரூம்புல, மரப்பீடத்து மேல சுண்ணாம்பு மாவுல வார்த்த ஒரு தலை இருக்கு. அது அவனோட பூட்டன் தலை. வெள்ளக்காரன் காலத்துல இந்தத் தீவுல நடந்த காலராக் கேம்புல பொணம் எரிச்ச ஆளு. இது மாமனாருக்கும் தெரியாது, பொண்டாட்டி வசுமதிக்கும் தெரியாது. அவங்களப் பொறுத்தமட்டுல பரமகுரு அவங்க சாதிக்காரன், பெத்தவங்க கூடப்பொறந்தவங்க யாரும் இல்லாதவன், அணைக்கட்டுத் தண்ணிக்குள்ள முழுகிப்போன ஒரு ஊருக்காரன். அந்த ஊர அவன் ரொம்ப யோசிச்சுத்தான் தேர்ந்தெடுத்தான். தண்ணிக்குள்ள எறங்கிப் போயி யாரும் விசாரிக்க மாட்டாங்க. வயித்த வலிக்குதுன்னு சொல்லிறலாமா. சொன்னா, "அப்ப நீங்க வெளிய உக்காருங்க, நாங்க பாத்துட்டு வர்றோம்"பாரு. அவங்க ரெண்டு பேரும் அந்தத் தலைக்கு முன்னால நிக்கிறப்ப தன் மூஞ்சி பக்கத்துல இல்லாம இருக்கறது நல்லதா, இல்ல பக்கத்துல நின்னு பேச்ச வேற பக்கம் இழுக்கறது நல்லதா. பக்கத்துல நின்னா ஒத்துப் பாப்பாங்க. நிக்காட்டி என்ன பேசுனாங்கன்னே தெரியாது. தெரியாம ராத்திரி அவங்களுக்கு எதிர்ல உக்காந்து சோறு திங்கணும். அதுக்கு நின்னுறலாம். வெயில்ல கண்ண மூடுனா உள்ளுக்குள்ள செவப்பா இருந்துச்சு, அந்தச் செவப்புக்குள்ளயும் வெள்ளையா அந்தத் தலை.

எல்லாத்துக்கும் காலையில நாக்கு பண்ணுன வேல. இன்னைக்கு ஆடி அமாவாசை. மாமனாருக்கு இந்த வருசம் இந்தத் தீவுக் கரையில தர்ப்பணம் குடுக்கணும்னு யாரோ ஜோசியரு எடுத்துக் குடுத்துட்டாரு. ஜோசியருக்கு உலகத்துல எத்தனையோ கடக்கரை இருக்கு, அவருக்கு இதுதான் கெடச்சுச்சு. மாமனாரு முடிச்சதும் "மாப்பிள, நீங்களும் உக்காருங்க, பாவம் உங்களுக்குத்தான் யாருமே இல்ல"ன்னு உக்கார வச்சாரு. அது வருசா வருசம் நடக்குறதுதான், வேற வேற கரையில. ஐயரு கோத்திரம் கேட்டாரு, சிவ கோத்திரம்னான். கோத்திரம் தெரியாதவங்க எல்லாருக்கும் அதுதான். சிவன் யாரையும் திருப்பிக் கேக்கறதில்ல. ஆனா பேரு வேணும், அதுவும் மூணு தலைமுறைக்கு. பொய் சொல்றவனுக்கு இதுல உள்ள கஷ்டம் உண்மை சொல்றவனுக்கு வெளங்காது. ஒரு அப்பனக் கற்பனை பண்றது சுலபம், அவனுக்கு ஒரு அப்பன், அவனுக்கும் ஒரு அப்பன், எல்லாருக்கும் நல்ல பேரா, சாதிக்கு ஏத்த பேரா. பரமகுரு வருசா வருசம் அப்பாவுக்கு அருணகிரின்னும், தாத்தாவுக்கு சபாபதின்னும், பூட்டனுக்கு வேதாசலம்னும் சொல்லி எள்ளுத்தண்ணி எறச்சிருக்கான். இல்லாத மூணு பேரு இத்தன வருசமா வயிறாரக் குடிச்சிருக்காங்க. இன்னைக்கு அருணகிரி வந்துச்சு, சபாபதி வந்துச்சு. மூணாவதுக்கு ஐயரு நிமுந்து பாத்தப்ப, அவரு தோளுக்குப் பின்னால மணல் மேட்டுல கேம்புக் கட்டடத்தோட ஓட்டுக்கூரை தெரிஞ்சுச்சு. வாயி தானாத் தொறந்து "சோணை"ன்னுச்சு. சொன்னது தன் வாயிதானான்னு அவனுக்கே சந்தேகம். ஐயரு அவரு பாட்டுக்கு சோணை சர்மாவோ வர்மாவோ எதையோ சேத்து மந்திரத்த ஓட்டிட்டாரு. மாமனாருதான் துண்டப் புழிஞ்சுக்கிட்டே திரும்புனாரு. "போன வருசம் வேற பேருல்ல சொன்னீங்க?" "அது வீட்டுல கூப்புடுற பேரு மாமா." "சோணையா? நம்மாளுக அந்தப் பேரு வைக்கிறதில்லயே." "எங்க பக்கம் உண்டு மாமா." எங்க பக்கம்னா, தண்ணிக்குள்ள. மாமனாரு ம்ன்னாரு. அந்த ம்மு இன்னும் தீரல. கோட்டையில பீரங்கியத் தட்டிப் பாத்தப்பவும் அவரு தொண்டையில அந்த ம்மு இருந்துச்சு, லைட் அவுசு நெழல்ல நின்னு வெள்ளரிப்பிஞ்சு வேணாம்னு சொன்னப்பவும் இருந்துச்சு. மியூசியத்துல பீடத்துக்குக் கீழ ஒரு போர்டு இருக்கு. அதுலயும் அதே பேரு.

கோட்டையிலருந்து மியூசியத்துக்குப் போற வழியில டச்சுக்காரங்க கல்லறை. மாமனாரு அதையும் விடல. கல்லு ஒவ்வொண்ணுலயும் மண்டையோடும் ரெண்டு எலும்பும் செதுக்கியிருந்துச்சு. "செத்த பெறகும் பெருமையப் பாத்தியா, எம்புட்டு வேலப்பாடு"ன்னு மக கிட்டச் சொன்னாரு. வசுமதி முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு, "இவங்களுக்கெல்லாம் யாருப்பா திதி குடுப்பா"ன்னு கேட்டா. நல்ல மனசு அவளுக்கு. வீட்டு வாசல்ல குப்பை எடுக்க வர்ற அம்மாவுக்கு தினமும் காப்பி குடுப்பா, அதுக்குன்னு தனியா ஒரு டம்ளரு வச்சிருக்கா, அதக் கழுவிக் கவுத்து வைக்கிறதும் அவதான், வேற யாரையும் தொட விட மாட்டா. பரமகுரு அந்த டம்ளரப் பாக்காம சமையக்கட்டத் தாண்டப் பழகிட்டான். கல்லறை ஓரமா எருக்கஞ்செடி. கேம்புல செத்தவங்களுக்கு கல்லு கெடையாது, அவங்க பாதிப் பேரு எரிஞ்சாங்க, வெறகு தீந்தப்ப மீதிப் பேரு சுட்ட சுண்ணாம்புக்குள்ள போனாங்க. எலங்கைத் தோட்டத்துக்குப் போறேன்னு வந்து, இந்தத் தீவுல நிறுத்தி வச்சு, கக்கிக் கழிஞ்சு செத்தவங்க. அவங்களப் புரட்டிப் போட்ட கை சோணை கை. ஒருநா அளவுக்காரத் துரைன்னு ஒருத்தன் வந்தானாம், மனுசன் தலைய இரும்புக் கவட்டையால அளந்து எழுதிக்கிட்டுப் போறதே வேலையா. சோணையப் படுக்க வச்சு, மூக்குல மூச்சு விட ரெண்டு நாணல் குழாயச் சொருகி, மூஞ்சி பூராவும் வெள்ளையாக் கொழச்சு அப்பியிருக்கான். சுண்ணாம்புன்னா சோணைக்கு ஒரே ஒரு அர்த்தந்தான் தெரியும். சரி, இன்னைக்கு நம்ம முறைன்னு கைகால அசைக்காம கெடந்தானாம். துரை அதப் பாத்து, என்ன ஒரு ஒத்துழைப்பான ஆளுன்னு மெச்சி அரையணா குடுத்தானாம். பரமகுருவோட அப்பா இந்தக் கதையச் சொல்றப்ப எல்லாம் அரையணாவுல சிரிப்பாரு. அவங்க வீட்டுல செத்தவங்க யாருக்கும் போட்டோ இல்ல, சமாதி இல்ல. மூஞ்சின்னு ஒண்ணு இருக்குறது சோணைக்கு மட்டுந்தான், அதுவும் சர்க்கார்கிட்ட. அதனால ஆடி அமாவாசைக்கு குடும்பமே டிக்கெட்டு எடுத்து மியூசியத்துக்குள்ள போயி, வாச்மேன் அசந்த நேரத்துல நெத்தியில துண்ணூறு பூசி, ஒதட்டுல ஒரு பீடிய வச்சு எடுத்துட்டு வருவாங்க. மத்தவங்க கோயில்ல அர்ச்சனைச் சீட்டு வாங்குறாங்க, இவங்களுக்கு நுழைவுச்சீட்டு. அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன வயசுல பரமகுருவ அந்தத் தலைக்கு முன்னால தூக்கிப் புடிச்சிருக்காங்க. அது காத அவன் தொட்டிருக்கான். அப்பா போன பெறகு அக்கா பஞ்சவர்ணம் தனியா வர்றா. இன்னைக்கும் வந்திருப்பா. வந்துட்டுப் போயிருக்கணும். பகல் ஏறிருச்சு, போயிருப்பா. காலை லாஞ்சுலயே வந்துட்டுத் திரும்பியிருப்பா. அவளுக்கு வெயில் ஆகாது. ஆகாதுன்னு யாரு சொன்னா, வெயில்லயே கருவாடு காயப்போட்டு அவனப் படிக்க வச்சவளுக்கு.

காது. எல்லாரும் மூஞ்சியத்தான் நெனைப்பாங்க, மூஞ்சி ஒண்ணும் பண்ணாது, மூஞ்சிக்கு மீசை இருக்கு கண்ணாடி இருக்கு. காதுதான். சோணைக்கு எடது காது மேல்மடல் முன்னால மடங்கி, வெத்தலைய மடிச்ச மாதிரி இருக்கும். அப்பாவுக்கு இருந்துச்சு, அக்காவுக்கு இருக்கு, அவனுக்கு இருக்கு. துரை நல்ல வேலைக்காரன், மடிப்புல ஒரு கோடு விடாம வார்த்துட்டான். பரமகுரு முடிய காதுக்கு மேல விட்டு வளத்திருக்கான். "என்ன மாப்பிள, வயசு ஏற ஏற ஸ்டைலு ஏறுது"ன்னு மாமனாரு கேலி பண்ணுவாரு, பண்ணட்டும். மக பொறந்தன்னைக்கு நர்சு துணியில சுத்திக் கொண்டாந்து குடுத்தப்ப எல்லாரும் பொண்ணா பையனான்னு கேட்டாங்க, அவன் துணிய வெலக்கிக் காதப் பாத்தான். ரெண்டும் நேரா இருந்துச்சு. அப்பத்தான் அழுதான், பாசம்னு நெனச்சாங்க. வசுமதிக்கு மட்டும் காது தெரியும். கல்யாணமான புதுசுல அந்த மடிப்ப வெரலால நிமித்தி நிமித்தி விடுவா, அது திரும்ப மடங்கும், அவ சிரிப்பா. பொய் எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு அவன் பல தடவ தேடிப் பாத்திருக்கான். பெருசா ஒண்ணும் இல்ல. கடையில கணக்கெழுத சேந்து ஆறேழு வருசம் கழிச்சு மாமனாரு, அப்ப மொதலாளி, டீ கிளாசக் கீழ வச்சிட்டு "நீ நம்மாளுதானப்பா"ன்னாரு. கேள்வியா இல்ல, நம்பிக்கையா. அவன் தலை ஆடுச்சு. இல்லன்னு சொல்ல வாய் வேணும், ஆமான்னு சொல்ல தலை போதும். அந்த ஒரு ஆட்டத்துல வீடு, பொண்ணு, கடை, எல்லாம் வந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி அக்காகிட்டப் போயி நின்னான். அவ கருவாட்டப் புரட்டிக்கிட்டே கேட்டா. "யாருமே இல்லன்னு சொல்லிட்டியாக்கும்." "ஆமாக்கா." "அப்ப நான் எதுல செத்தேன்?" "வெள்ளத்துல." "எனக்கு நல்லா நீச்சத் தெரியுமேடா"ன்னா. அவ அடுத்த மீனப் புரட்டுனா. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். வாசல் தாண்டறப்ப "சாப்ட்டுப் போ"ன்னா. அவன் சாப்பிடல, லாஞ்சுக்கு நேரமாச்சுன்னான். நேரம் ஆகல.

மியூசியம், கேம்போட பழைய ஆபீசுதான். உள்ள குளுகுளுன்னு, வவ்வால் நாத்தம். மாமனாரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு மொதல் போர்டுலருந்து ஆரம்பிச்சாரு. அவரு வாய்விட்டுத்தான் படிப்பாரு, பில்லு சரிபாக்குறது மாதிரி. ஒடஞ்ச சீனாப் பீங்கான். சங்கு அறுக்குற ரம்பம். துருப்பிடிச்ச நங்கூரம். ஒரு திமிங்கலத்தோட தாடை எலும்பு, அதுக்குள்ள யாரோ வாழைப்பழத் தோலப் போட்டிருந்தாங்க. "ஒண்ணுமில்ல"ன்னு மாமனாரு அடுத்த ரூம்புக்கு நகந்தாரு. ரூம்பு நாலு. ரெண்டு முடிஞ்சிருச்சு. கடைசி ரூம்பப் பூட்டியிருக்கலாம். மராமத்துன்னு போர்டு தொங்கவிட்டிருக்கலாம். சர்க்கார் கட்டடத்துல எப்பவும் ஏதாவது ஒரு ரூம்பு பூட்டித்தான் இருக்கும், இன்னைக்குன்னு பாத்து எல்லாம் தொறந்து கெடக்கு. "மாமா, லாஞ்சு வந்துருச்சு போல, சத்தம் கேக்குது." "வந்தா நிக்கும் மாப்பிள. நம்மள விட்டுட்டுப் போயி அவன் என்ன பண்ணப்போறான், வெறும் லாஞ்சயா ஓட்டிக்கிட்டுப் போவான்." வசுமதி சிரிச்சா. "இவங்களுக்குப் பசி வந்தா இப்படித்தான்பா, வெரட்டுவாங்க." அவன் சட்டைக்குள்ள வேர்வை முதுகுல எறங்குனத உணந்தான். ஒரு சொட்டு, நிதானமா, எதுக்கும் அவசரப்படாம. டச்சுக்காசு இருந்த கண்ணாடிப் பெட்டியில அவன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. முடியக் காதுக்கு மேல தள்ளி விட்டுக்கிட்டான். தள்ளுன கைய வசுமதி பாத்த மாதிரி இருந்துச்சு. பாக்கலயா இருக்கும். பயப்படறவனுக்கு எல்லாரும் பாக்குற மாதிரிதான் இருக்கும், அப்பாவே சொல்லுவாரு. என்ன சொல்லுவாரு, இந்த மாதிரி ஒண்ணும் சொன்னதில்ல, அப்பா வாயில இப்ப இவனே வார்த்தைய வைக்கிறான், பீடிய வச்ச மாதிரி.

கடைசி ரூம்பு வாசல்லயே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. துண்ணூறு வாசம். அக்கா பீடத்துக்குப் பக்கத்துல, சுவத்தோட ஒட்டி, முந்தானையத் தலையச் சுத்திப் போத்திக்கிட்டு நின்னா. வாச்மேன் வெளிப்பக்கம் ஜன்னல்ல சாஞ்சிருந்தான். அவ எளச்சிருந்தா. முந்தி எவ்வளவு உயரம், இப்ப பீடத்து உயரந்தான் இருந்தா. ஆளுக வர்றதப் பாத்து, தன் வேல முடியாத ஆளு மாதிரி ஒதுங்கி நின்னு வழிவிட்டா. அவனப் பாத்தாளா. பாத்தா. கண்ணு அவன் மேல பட்டு, மாமனாரு மேல பட்டு, வசுமதி மேல பட்டு, திரும்பித் தரைக்குப் போச்சு. ஒரே வேகத்துல. அவன்கிட்ட கண்ணு கூடுதலா நிக்கவே இல்ல. அந்தச் சாமர்த்தியத்த அவளுக்கு யாரு கத்துக் குடுத்தா. மாமனாரு போர்டுக்குக் குனிஞ்சாரு, வெளிச்சம் பத்தல. "வசு, நீ படி." வசுமதி படிச்சா. "சோணை. பிணம் எரிக்கும் தொழிலாளி. காலரா முகாம்." மாமனாரு நிமுந்தாரு. தலையப் பாத்தாரு, பெறகு மருமகனப் பாத்தாரு. காலையிலருந்து தொண்டையில கெடந்த ம்மு வெளிய வந்துச்சு. "சோணை"ன்னாரு. "என்ன மாப்பிள, உங்க பூட்டன் பேரு. பாத்துக்கங்க, சொந்தமாயிருக்கப் போகுது"ன்னு மாமனாரு சிரிச்சாரு. வயிறு குலுங்கிச் சிரிச்சாரு. அது வெறும் கேலி. அவரால அத கேலியா மட்டுந்தான் நெனைக்க முடிஞ்சுச்சு, வேற மாதிரி நெனைக்க அவருக்கு மண்டையில எடமே இல்ல. தப்பிச்சான். அவன் பேசாம சிரிச்சிருக்கலாம், அதுவே போதும். ஆனா தப்பிச்சவனுக்கு ஓட்டம் நிக்காது. "நல்லாச் சொன்னீங்க மாமா, மூஞ்சியப் பாருங்க, பொணமே இவனப் பாத்து எந்திரிச்சு ஓடியிருக்கும்"னான். குரலு எடுப்பா வந்துச்சு, கடையில ஆளுகள அதட்டுற குரலு. மாமனாரு அவன் தோள்ல தட்டுனாரு. அக்கா தரையப் பாத்துக்கிட்டிருந்தா. அவ கையில மஞ்சப்பை, அதோட காத ரெண்டு வெரலால மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டிருந்தா.

போயிருக்கணும், அத்தோட போயிருக்கலாம். மாமனாரு ஒண்ணுமில்லன்னு சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள, அக்கா முன்னால வந்து வெரல்ல துண்ணூற எடுத்து அந்தத் தலை நெத்தியில இழுத்தா. "ஏம்மா, அதப் போயித் தொடுற"ன்னாரு மாமனாரு. "எங்க பூட்டன் சாமி"ன்னா அவ. சாமி. அவரு கொஞ்சம் பின்னால நகந்தாரு, முட்டிறக்கூடாதுங்குற மாதிரி, ஆனா மொகம் எளகிருச்சு. அமாவாசை, கடமை, இதெல்லாம் அவருக்குப் புரியும். "அப்படியா. இவருக்கா நீ வந்திருக்க. வீட்டுல ஆம்பளைக யாரும் வரலையா?" "ஒரு தம்பி இருந்தான் சாமி." "இருந்தான்னா?" "படிச்சான்"னா அக்கா. "படிச்சா வரக்கூடாதா?" "படிச்சவங்களும் வருவாங்க சாமி. பாத்துச் சிரிச்சுட்டுப் போவாங்க." வசுமதி மொகம் வாடுச்சு. "பாவம்பா, நாம சிரிச்சத தப்பா எடுத்துக்கிட்டாங்க"ன்னு மெதுவாச் சொன்னா. பரமகுருவுக்கு இப்ப ரூம்பு சின்னதாயிருச்சு. மூணு பேரு ஒரே ரத்தம், அதுல ஒண்ணு சுண்ணாம்பு. அக்கா இன்னும் ஒரு வார்த்தை சொன்னா, மாமனாரு இன்னும் ஒண்ணு கேட்டா, தம்பி எந்த ஊருல இருக்கான்னு கேட்டா. கேக்கப் போறாரு, வாயத் தொறந்துட்டாரு. "ஹலோ, வாச்மேன்"னு பரமகுரு ஜன்னலப் பாத்து சத்தம் போட்டான். "என்ன வேல பாக்குறீங்க? தொடாதேன்னு போர்டு வச்சிட்டு, கண்டவங்களும் வந்து சாம்பலப் பூசிட்டுப் போறாங்க. சர்க்கார் பொருளுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? பேரச் சொல்லுங்க, நான் மேல எழுதிப் போடறேன்." "விடுங்க மாப்பிள, ஏதோ கெழவி"ன்னு மாமனாரே சொன்னாரு. அவன் விடல. விட முடியல. வாச்மேன் ஓடியாந்தான், அவனுக்கு அந்தம்மாவ வருசா வருசம் தெரியும், ஆனா கண்ணாடி போட்டவரு எழுதிப் போடறேங்குறாரு. "இந்தா, கெளம்பு, கெளம்பு. உன்னால எனக்கு வேல போயிரும்போல. இனிமே இந்தப் பக்கம் வந்துறாத"ன்னு கையப் புடிச்சு இழுத்தான். "பீடி மட்டும் வச்சுட்டுப் போறேன்பா"ன்னா அக்கா. "பீடியும் இல்ல ஒண்ணும் இல்ல." இழுத்த இழுப்புல முந்தானை தலையிலருந்து சரிஞ்சு தோள்ல விழுந்துச்சு. முடியெல்லாம் நரைச்சு, பின்னால இறுக்கி முடிஞ்சிருந்துச்சு. எடது காது. ஜன்னல் வெளிச்சம் நேரா அதுல விழுந்துச்சு, மேல்மடல் மடங்கி, வெளிச்சத்துல சவ்வு செவப்பா. அவ எதையும் சரி பண்ணிக்கல. வாசல்ல நின்னு திரும்பி, "தள்ளாதப்பா, நானே போறேன். எனக்கு வழி தெரியும்"னு வாச்மேன்கிட்டச் சொல்லிட்டுப் படியெறங்குனா. பரமகுருவ அவ அப்பவும் பாக்கல. இந்த அளவுக்கு அவனக் காப்பாத்துனவ வேற யாரும் கெடையாது, இனிமே இருக்கவும் மாட்டா. "நீங்க கறாரான ஆளு மாப்பிள, கடைய உங்ககிட்ட விட்டது வீண்போகல"ன்னாரு மாமனாரு. "சரி வாங்க. ஒண்ணுமில்ல." சொல்லிட்டாரு. ஒண்ணுமில்ல. பரமகுரு மூச்ச விட்டான். அப்பத்தான் வசுமதியப் பாத்தான். அவ வாசலப் பாத்துக்கிட்டிருந்தா, அந்தப் பொம்பள எறங்கிப் போன வாசல. பெறகு திரும்பி சுண்ணாம்புத் தலையப் பாத்தா. மூஞ்சிய இல்ல, பக்கவாட்டுல போயி நின்னு, குனிஞ்சு, எடது பக்கமா. வெரல் ஒண்ண நீட்டுனா. தொடப்போறான்னு நெனச்சான். தொடல. நீட்டுன வெரல மடக்கி உள்ளங்கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டா. அடுத்து அவனத்தான் பாக்கணும். பாப்பா, என்னங்க இதுன்னு கேப்பா, அவன் அதுக்கு ஒரு பதில் வச்சிருந்தான், உலகத்துல எத்தனையோ காது இப்படி இருக்குன்னு. அவ அவனப் பாக்கல. "வாங்கப்பா, லாஞ்சு போயிரும்"னு அப்பா கையப் புடிச்சுக்கிட்டு முன்னால போனா.

லாஞ்சுல கூட்டம். அக்கா அதுல இல்ல, அவன் ஏறுனதும் மொதல்ல அதத்தான் பாத்தான். ஒருவேள கரையில அடுத்த லாஞ்சுக்கு நிக்கிறாளோ. திரும்பிப் பாக்கல, இன்னைக்கு இதுக்கு மேல எதையும் பாக்கக்கூடாது. வசுமதி எப்பவும் அவன் பக்கத்துலதான் உக்காருவா, தண்ணின்னா அவளுக்குப் பயம், அவன் சட்டைய ஒரு கையில புடிச்சுக்கிட்டே வருவா, காலையிலயும் அப்படித்தான் வந்தா. இப்ப மாமனாருக்கு அந்தப் பக்கம் போயி உக்காந்தா. "வெயில் இங்கிட்டு அடிக்கும்மா"ன்னாரு மாமனாரு. "பரவால்லப்பா." தெரிஞ்சிருக்குமா. தெரியாது. காத வச்சு யாரு என்ன கண்டுபிடிக்க முடியும். அவளுக்கு அந்தப் பொம்பளைய வெரட்டுனது புடிக்கல, அதான் கோவம். நல்ல மனசு. கோவம்னா நல்லது, கோவம் தீந்துரும், ராத்திரி பூ வாங்கிக் குடுத்தாத் தீந்துரும். இஞ்சின் சத்தம், டீசல் வாடை, பலகை நடுங்குச்சு, நடுக்கம் காலுவழியா ஏறி அவன் பல்லுல வந்து நின்னுச்சு. தீவு எளச்சுக்கிட்டே போச்சு, கோட்டை ஒரு கோடா, லைட் அவுசு ஒரு குச்சியா. ஜெயிச்சாச்சு. மாமனாருக்கு ஒண்ணுமில்ல. அந்தத் தலைக்கு இனிமே துண்ணூறு வைக்க யாரும் வரப் போறதில்ல, வாச்மேன் விடமாட்டான். அவனே கேட்டு வாங்குன ஏற்பாடு. வசுமதி அப்பாகிட்ட ஏதோ பேசுனா, காத்து அதக் கொண்டாந்து இவன்கிட்ட போட்டுச்சு. "நம்ம பாப்பாவுக்கு என் காதுதானப்பா?" "இதென்னம்மா திடீர்னு? அது அப்படியே நம்ம வீட்டுக் காது, எங்கம்மா காது." "ஆமால்ல"ன்னா அவ. "நல்லவேள"ன்னா. மாமனாரு அதுல ஒண்ணும் பாக்கல, கடலப் பாத்து கொட்டாவி விட்டாரு. பரமகுரு பையத் தொறந்து தண்ணிப் பாட்டில எடுத்தான். ஒரு மொடக்குக் குடிச்சான். பெறகு மாமனாரு முன்னால கைய நீட்டி, "இந்தா வசு, வெயில்ல வந்திருக்க, குடி"ன்னான். அவ பாட்டிலப் பாத்தா. இப்பவும் அவன் மூஞ்சியப் பாக்கல, பாட்டில, அதப் புடிச்சிருந்த கைய. "தாகமில்ல"ன்னா. ஒதடு காஞ்சு தோலு உரிஞ்சிருந்துச்சு. அவன் கைய நீட்டுனபடியே வச்சிருந்தான், லாஞ்சு ஆடுச்சு, தண்ணி உள்ள சளக்கு சளக்குன்னுச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு அவ, "அப்பா, உங்ககிட்ட தண்ணி இருக்கா"ன்னு கேட்டா. "மாப்பிள கையிலதான் நீட்டிக்கிட்டே இருக்காரே." "உங்ககிட்ட இருக்கா?" மாமனாரு முணுமுணுத்துக்கிட்டே ஜோல்னாப்பைக்குள்ள தொழாவி, அடியில கெடந்த கோயில் தீர்த்தப் பாட்டில எடுத்துக் குடுத்தாரு. ரெண்டு வாய்தான் இருந்துச்சு, வெயில்ல கொதிச்சுப் போயிருக்கும். வசுமதி வாய வச்சு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு, முந்தானையால வாயத் தொடச்சுக்கிட்டா. பரமகுரு கைய இழுத்துக்கிட்டான். பாட்டிலோட மூடியத் தேடி எடுத்துத் திருகுனான், நல்லா இறுகுன பெறகும் திருகிக்கிட்டே இருந்தான். "எனக்குக் குடுங்க மாப்பிள"ன்னு மாமனாரு கைய நீட்டுனாரு. "தீந்துருச்சு மாமா"ன்னு சொல்லி, முக்காவாசி இருந்த பாட்டில பைக்குள்ள வச்சு மூடிட்டான்.